மாப்பிள்ளை பாலம் ஏறமாட்டான்

"மாப்பிள்ளையோட ஒரு போட்டோ எடுக்கணும். நானும் அவனும் மட்டும். வெளியில எங்கயாவது நல்ல இடமாப் பாத்து எடுத்துக் குடுப்பீங்களா?" என்று போனில் ஒரு பெண்குரல் கேட்டது. ஸ்டுடியோக்காரி வழக்கம்போல விவரம் கேட்கத் தொடங்கினாள்.

"எடுத்திரலாங்க. மாப்பிள்ளை உயரமா?"

"என்னைவிடக் கொஞ்சம் உயரம். தலையத் தூக்கிட்டான்னா ரொம்பவே உயரம்."

"வயசு?"

"பதினாலு."

ஸ்டுடியோக்காரிக்குத் தூக்கிவாரிப் போட்டது. போனை வைத்துவிடலாமா, போலீசுக்குச் சொல்லலாமா என்று அவள் யோசிப்பதற்குள் அந்தக் குரலே தொடர்ந்தது: "நல்லா நிப்பான். வால்தான் ஒரு இடத்துல இருக்காது."

அப்போதுதான் அவளுக்கு மூச்சு வந்தது. மாப்பிள்ளை என்பது குதிரை. எதைக் கொடுத்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வதும், சுற்றி நின்று நாலு பேர் உபசரித்தால்தான் சாப்பிடுவதுமாக இருந்ததால், லாயம் நடத்தும் தம்பி வைத்த பெயராம். பேசியது அந்தத் தம்பியின் அக்கா. கடைத்தெருவில் மருந்துக்கடை வைத்திருப்பவர்.

ஸ்டுடியோக்காரியின் பிழைப்பெல்லாம் ஒரு சின்ன அறைக்குள்தான். பின்னால் வெள்ளைத் திரை, முன்னால் ஒரு முக்காலி, அதில் பாஸ்போர்ட் படத்துக்கு உட்காரும் மனிதர்கள். இடம் தேடும் வேலையே அதில் கிடையாது. ஆனால் புதிதாக ஒன்றைக் கண்டால் விடமாட்டாள். "உனக்குப் பல்லு முளைக்கும் முன்னாடியே கேள்வி முளைச்சிருச்சு" என்று அவள் அம்மா சொல்வதுண்டு. தெரிந்தவரிடம் தூரத்திலிருந்து எடுக்கும் நீள லென்ஸ் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு, இடம் பார்க்க ஒரு பிற்பகலில் கிளம்பிப் போனாள்.

மாப்பிள்ளை நல்ல செம்பழுப்பு நிறம். அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எதிர்பார்த்தபடியே முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

முதலில் லாயத்தின் முற்றம். கிட்டே நின்று எடுத்துப் பார்த்தாள். மூக்கு பூசணிக்காய் மாதிரியும் பின்பக்கம் எலுமிச்சம்பழம் மாதிரியும் வந்தது. தள்ளி நின்றால்தான் குதிரை குதிரையாகத் தெரியும் என்பது புரிந்தது. தள்ளிப் போக இடமில்லை. முதுகில் சுவர் இடித்தது. அடுத்தது வேலியோரம். வேலிக்கம்பம் ஒன்று மருந்துக்கடைக்கார அம்மாவின் தலையிலிருந்து கொம்பாக முளைத்தது. மரத்தோப்புக்குப் போனார்கள். இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில் இரண்டு பேர் முகத்திலும் அம்மை போட்டமாதிரி திட்டுத் திட்டாக விழுந்தது. போதாக்குறைக்கு, பழுப்புக் குதிரை பழுப்பு மரங்களோடு கலந்து காணாமலே போய்விட்டான்.

தோப்பின் விளிம்பில் ஒரு வாய்க்கால். அதற்கு அந்தப் பக்கம் பார்த்ததும் ஸ்டுடியோக்காரி நின்றுவிட்டாள். காய்ந்து வெளுத்த புல் மூடிய மேடு, பின்னால் வானத்தைத் தவிர ஒன்றுமில்லை. சாய்கிற வெயில் நேராக அதன்மேல் விழுந்துகொண்டிருந்தது. தள்ளி நிற்க எவ்வளவு இடம் வேண்டுமோ அவ்வளவு இடம்.

"அங்க போகலாமே!"

அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை பாலம் ஏறமாட்டான்" என்றான் தம்பி.

பாலம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. தட்டையான சிமெண்ட் பாலம், இரண்டு பக்கமும் இடுப்பளவு கம்பி. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு சைக்கிள் மணியடித்தபடி கடந்து போனது.

"எப்பவுமே ஏறினதில்லையா?"

"முன்னாடியெல்லாம் தினமும் போவான். ஒரு தடவ தண்ணி லாரி ஒண்ணு எதிர்ல வந்து ஹாரன் அடிச்சிருச்சு. அவன் சறுக்கினான், அக்கா கீழ விழுந்துட்டாங்க. மணிக்கட்டு ஒடஞ்சுது. அதுலேருந்து பாலத்துக்கிட்ட போனா ஆணியடிச்ச மாதிரி நின்னுருவான்."

"பயந்தாங்கொள்ளி" என்று அக்கா குதிரையின் கழுத்தைத் தட்டினார். "அவனக் கட்டாயப்படுத்த வேணாம். வேற இடம் பாருங்க."

ஸ்டுடியோக்காரிக்கு வேறு இடம் பார்க்கத் தோன்றவில்லை. ஏறமாட்டான் என்றால் எப்படி ஏறாமல் இருப்பான் என்று பார்க்க வேண்டும்போல் இருந்தது. "ஒரே ஒரு தடவ காட்டுங்களேன். நான் தூரத்துல நின்னு பாக்கறேன்" என்றாள். அக்கா அரைமனதாகக் குதிரைமேல் ஏறினார்.

லென்ஸ் வழியே அவர்கள் பாலத்தை நோக்கி நடப்பதை அவள் படம் படமாக எடுத்தாள். தம்பி சொன்னபடியே நடந்தது. பாலத்தின் வாயில் குதிரை கால்களை ஊன்றி நின்றான். அக்கா குதிகாலால் தட்டிப் பார்த்தார், கொஞ்சிப் பார்த்தார். நகரவில்லை.

ஸ்டுடியோக்காரி எடுத்த படங்களைக் கேமராவிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். பிறகு பின்னாலிருந்து முன்னால் மறுபடி பார்த்தாள். அக்கா இறங்கி வந்ததும் கேமராவை நீட்டினாள்.

"இதப் பாருங்க. பாலம் இன்னும் தள்ளித்தான் இருக்கு. அதுக்குள்ளயே உங்க கை கடிவாளத்த இறுக்கிப் பிடிச்சிருக்கு. விரல் முட்டியெல்லாம் வெளுத்துப் போச்சு. அப்புறம் அவன் காதப் பாருங்க. பாலத்தப் பாத்து இல்ல. பின்னால, உங்களப் பாத்துத் திரும்பியிருக்கு."

அக்காவின் முகம் சுருங்கியது. "குதிரையப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்?"

"ஒண்ணுமே தெரியாதுங்க. ஆனா பயந்து உக்காந்திருக்கற ஆளுங்களத்தான் நான் தினமும் படம் எடுக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டு, மனதில் குடைந்துகொண்டிருந்ததைக் கேட்டே விட்டாள். "வேற யாராவது அவனக் கூட்டிட்டுப் போய்ப் பாத்தீங்களா?"

யாரும் போகவில்லை. அக்கா யாரையும் விட்டதில்லை. தம்பி தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு கயிற்றை வாங்கி, விசிலடித்துக்கொண்டே பாலத்தின்மேல் நடந்தான். மாப்பிள்ளை அவன் பின்னாலேயே டக் டக்கென்று போனான். நடுவில் ஒருமுறை நின்றான், பயத்தினால் அல்ல, கம்பியோரம் முளைத்திருந்த புல்லைக் கடிப்பதற்காக. பிறகு அந்தப் பக்கம் இறங்கி, தனக்கென்றே வைத்த இடம் மாதிரி மேய ஆரம்பித்தான்.

இந்தப் பக்கம் அக்கா மட்டும் வெறுங்கையோடு நின்றார். ஸ்டுடியோக்காரிக்குச் சங்கடமாகிவிட்டது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

"ஊர் பூரா அவனத்தான் பயந்தாங்கொள்ளின்னு சொல்லிட்டு இருந்தேன்" என்றார் அக்கா. குரல் உடைந்திருந்தது, ஆனால் அடுத்த நொடியே சிரிப்பும் வந்துவிட்டது. "பழியெல்லாம் அவன் தலையில போட்டுட்டு நான் நிம்மதியா இருந்திருக்கேன், பாருங்களேன்."

அந்தப் பக்கத்திலிருந்து குதிரை தலையைத் தூக்கி ஒரு கனைப்புக் கனைத்தான்.

"நான் கூட வரட்டுமா அக்கா?"

"வாங்க. ஆனா பேசாம வாங்க. கேள்வி கேட்டீங்கன்னா திரும்பிருவேன்."

அக்கா ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தார். கீழே தண்ணீர் ஓடும் இடம் வந்ததும் கொஞ்சம் நின்றார். ஸ்டுடியோக்காரி நாக்கைக் கடித்துக்கொண்டு கூடவே நின்றாள். பிறகு மீதியை விறுவிறுவென்று கடந்துவிட்டார்.

மேட்டில் வெயில் பொன்னாக இருந்தது. அன்றைக்கு இடம் பார்க்க மட்டும்தான் வந்திருந்தார்கள். அக்காவின் தலைமுடி கலைந்திருந்தது; மெருகேற்றி வைத்திருந்த பூட்ஸ் வீட்டில் இருந்தது. "இன்னைக்கு வேணாம், நான் கண்ணாடி கூடப் பாக்கல" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஸ்டுடியோக்காரி பின்னால் பின்னால் நடந்து தூரமாகப் போய்விட்டாள். லென்ஸில், அக்கா குதிரையின் நெற்றியில் நெற்றியை வைத்து நின்றார். கடிவாளத்தைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்திருந்தன. குதிரையின் இரண்டு காதுகளும் முன்னால் குவிந்து, அவர் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்தன.

நல்ல உடுப்போடு இன்னொரு நாளும் அதே மேட்டில் நிறையப் படங்கள் எடுத்தார்கள். அவையும் நன்றாகத்தான் வந்தன. ஆனால் மருந்துக்கடையில் மாட்டியிருப்பது முதல் நாள் படம். மருந்துக்கு நிற்கிறவர்கள் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த வெளிநாடுங்க?" என்று கேட்பார்கள்.

"வாய்க்காலுக்கு அந்தப் பக்கம்" என்பார் அக்கா, மாத்திரையை எண்ணிக்கொண்டே.