துரையின் காது

சாக்கைக் கண்டதும் துரை அலுமாரிக்கு மேலே ஏறிவிட்டது. பதினான்கு வயதுக் கிழட்டுக் கடுவன் பூனை. ஐந்து நாளாக மீன் அவித்த தண்ணீரைத் தவிர வேறொன்றும் உள்ளே போகவில்லை. அதிலும் பாதி வாயோரத்தால் வழிந்துவிடும். இடது தாடை வீங்கி, கிட்டப் போனால் மூக்கைப் பொத்த வேண்டியிருந்தது. நேற்று முழுவதும் குசினி அடுப்பு மூலையில் அசையாமல் கிடந்தது. இன்று காலை ஆறு மணிக்கு அரியநாயகம் சாக்கை உதறிக்கொண்டு உள்ளே வந்த சத்தத்தில் எழும்பி, கதிரைக்குத் தாவி, கதிரையிலிருந்து மேசைக்குத் தாவி, ஒருமுறை வழுக்கி விழுந்து, திரும்பவும் தாவி, மேலே போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. அந்த உடம்புக்குள் அவ்வளவு பலம் எங்கே கிடந்ததோ தெரியாது. அங்கேயிருந்து வந்தது பூனைச் சத்தமாகவே இல்லை.

"பாத்தியளே?" என்றாள் அன்னபூரணம். "டொக்டரெண்டு நாங்கள் கதைச்சது அவனுக்கு விளங்கிப் போச்சு. பன்னிரண்டு வருசமாகியும் பயம் தெளியேல்லை. எல்லாம் அந்த அறுவான் டொக்டர் செய்துவிட்ட வேலை."

அரியநாயகம் மனைவியின் முகத்தைப் பார்க்காமல் சாக்கைப் பிடித்தபடியே நின்றார்.

முதல்நாள் அவர் மிருக வைத்தியரோடு போனில் கதைத்திருந்தார். நிலாந்தினி என்று ஒரு இளம் பிள்ளை, வேலணையில் இருந்து புதன்கிழமைகளில் மட்டும் ஊர்காவற்றுறைக்கு வருபவள். பூனையின் வயது, வீக்கம், மணம் எல்லாம் கேட்டுவிட்டு, "பல்லில சீழ் பிடிச்சிருக்குப் போல கிடக்கு ஐயா. பல்லைக் கழட்டி ஊசி போட்டா சில நேரம் தப்பும். அடுத்த புதன் வரைக்கும் தாங்காது" என்றாள். அதற்குப் பிறகு ஒரு கேள்வி கேட்டாள்: "முந்தி ஆரும் டொக்டருக்குக் காட்டினனீங்களோ?" அன்னபூரணம் கிணற்றடியில் நிற்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு, "இல்லைப் பிள்ளை" என்றார் அரியநாயகம்.

இன்று புதன். ஏழு மணி வள்ளத்தை விட்டால் அடுத்தது ஒரு மணிக்கு. அது அங்கே போய்ச் சேர்கிறபோது டொக்டர் பிள்ளை போய்விட்டிருப்பாள்.

அரியநாயகம் அனலைதீவில் இருபத்தேழு வருடம் கிராம சேவையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கு அவர் இன்னும் விதானையார்தான். இன்னார் இந்த விலாசத்தில் இருக்கிறார், இன்னார் நன்னடத்தை உள்ளவர், பென்சன் எடுக்கும் இன்னார் இன்னும் உயிரோடு இருக்கிறார் என்று அவர் கையெழுத்து வைத்தால் அரசாங்கக் கச்சேரியில் மறுபேச்சு இருக்காது. இல்லாதவனை இருக்கிறான் என்று ஒருநாளும் எழுதியதில்லை. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. அப்பேர்ப்பட்ட மனிதர் வாழ்நாளில் சொன்ன ஒரேயொரு பெரிய பொய் ஒரு பூனையைப் பற்றியது. கேட்பவருக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும்.

வீட்டுத் திட்டம் வந்த வருடம் அது. நாற்பத்திரண்டு குடும்பங்களின் விண்ணப்பங்களை அவர் வீட்டு மேசையில் கட்டி வைத்திருந்தார். துரைக்கு அப்போது இரண்டு வயது, கடுவனுக்குரிய திமிர் முழுவதும் ஏறியிருந்த பருவம். ஒரு பகலில் அந்தக் கட்டின் மேல் ஏறி நின்று ஈரம் பண்ணிவிட்டது. மை கரைந்து, தாள்கள் ஒட்டி, கிட்ட வைத்து வாசிக்க முடியாத நாற்றம். விதானையார் ஒவ்வொரு வீட்டுப் படலையாகப் போய் நின்று, புதிதாய் நிரப்பிக் கையெழுத்து வைக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதாயிற்று. "வீடு கட்ட முந்தியே விதானையாற்ற பூனை வந்து மூத்திரம் பேஞ்சிட்டுதாம்" என்று ஊர் ஒரு கிழமை சிரித்தது. சிரித்தவர்களை அவரால் ஒன்றும் செய்ய ஏலாது. பூனையைச் செய்யலாம்.

பூனையைக் கொன்றால் ஏழேழு பிறப்புக்கும் பாவம் விடாது. ஆகையால் தீவில் ஒருவரும் கொல்வதில்லை. சாக்கில் போட்டு வாயைக் கட்டி, வள்ளத்தில் ஏற்றி, ஊர்காவற்றுறைக் கரையில் அவிழ்த்து விடுவார்கள். எத்தனை கட்டை தூரத்தில் விட்டாலும் பூனை வீடு திரும்பும், ஆனால் நடுவில் கடல் கிடந்தால் என்ன செய்யும்? பாவமும் இல்லை, பூனையும் இல்லை. அன்னபூரணம் தமக்கை மகளின் கலியாணத்துக்கு யாழ்ப்பாணம் போயிருந்த நேரம் பார்த்து அரியநாயகமும் அதைத்தான் செய்தார். சந்தைக்குப் பின்பக்கம் சாக்கை அவிழ்த்ததும் துரை வெளியே வந்து, ஓடாமல், அவருடைய காலடியிலேயே நின்றது. அவர் திரும்பிப் பார்க்காமல் வள்ளத்துக்கு நடந்துவிட்டார்.

அன்னபூரணம் சொன்ன நாளுக்கு ஒருநாள் முந்தியே வந்துவிட்டாள். பையை வைக்கவும் இல்லை, முகம் கழுவவும் இல்லை, வளவு முழுக்க "துரை, துரை" என்று கூப்பிட்டுக்கொண்டு திரிந்தாள். ஒரே மகன் ரஜீபன் கனடாவுக்குப் போய் இரண்டு வருடம். போகமுன் பனையடியில் கண்டெடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டுப் போன குட்டி அது. அது அவருக்குத் தெரியாமல் இல்லை, கோபத்தில் மறந்துபோயிற்று. உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். "கால்ல புண். டொக்டரிட்டக் குடுத்திருக்கிறன். நாலு நாள் வைச்சுப் பாக்கவேணுமாம்" என்று வந்தது.

பிறகென்ன, பொய்க்குத் தவணை வைத்தாகிவிட்டது. விதானையார் மூன்று நாள் கடல் கடந்து பூனை தேடினார். மூன்றாம் நாள், மீன் விற்கிற மேரிஜோசப்பினின் பலகைக்குக் கீழே துரை ஒடுங்கிக் கிடந்தது. "நீங்களே கொண்டந்து விட்டிட்டு நீங்களே தேடுறியளோ, விதானையார்?" என்று அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சந்தை நாய்கள் வலது காதில் பாதியைக் கொண்டுபோயிருந்தன. அதே சாக்கில், அதே வள்ளத்தில் திரும்பி வந்து, அன்னபூரணம் காதைப் பார்த்து நெஞ்சில் அடித்துக்கொண்டபோது, "ஊசி போடேக்க துள்ளினது, டொக்டரின்ர கத்தரிக்கோல் பட்டிட்டுது" என்றார். அதுவும் தானாகத்தான் வந்தது.

அன்றிலிருந்து அன்னபூரணத்தின் வாயில் அந்த டொக்டர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஊர்காவற்றுறையில் அப்போது மிருக வைத்தியராக இருந்தவர், பூனையைக் கண்ணாலும் கண்டிராத, தலை நரைத்த ஒரு நல்ல மனிதர். அடுத்த வருடம் மாடுகளுக்குத் தடுப்பூசி போட அவரே அனலைதீவுக்கு வந்தார். வீடு வீடாக நடந்து, உச்சி வெய்யிலில் இவர்கள் படலையில் வந்து நின்று தண்ணீர் கேட்டார். "இஞ்ச மாடில்லை" என்று அன்னபூரணம் படலையைக் கொழுவிவிட்டு உள்ளே வந்தாள். அரியநாயகம் அப்போது கதிரையில்தான் இருந்தார். பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

பன்னிரண்டு வருடம் ஒரு கதை வீட்டில் புழங்கினால், சொன்னவனுக்கே அது நடந்தது போலாகிவிடும். துரைக்கு டொக்டரென்றால் பயம் என்று வருகிறவர்களுக்கு அவரே சொல்லியிருக்கிறார், சொல்லும்போது குரல் தடுமாறியதில்லை. இன்று காலையும், பூனையைக் கொண்டுபோக வேறென்ன வழி என்ற நினைப்பில்தான் சாக்கை எடுத்து வந்தார். அலுமாரியின் மேல் கிடந்து அந்தப் பூனை சாக்கையும் அவரையும் மாறி மாறிப் பார்த்த பிறகுதான் அவருக்கு எல்லாம் வெளித்தது. அதற்கு ஒன்றும் மறக்கவில்லை. அவருக்குத்தான் மறந்திருந்தது.

"சாக்கு வேண்டாம்," என்றார். "நீர் மடியில வைச்சுக்கொண்டு வாருமன். பேசாமல் வருவான்."

"சாக்கில்லாட்டி டொக்டரில்லையோ? மேசையில கிடத்தின உடனை பயத்தில சீவன் போயிடும். உங்களுக்குத் தெரியாததே, அண்டைக்குப் பக்கத்தில நிண்டனீங்கள்தானே." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "விடுங்கோ. சாகிறதெண்டா என்ர கையில சாகட்டும். அந்நியன்ர கையில பயந்து சாகவேண்டாம்."

அவள் சொன்னது முடிந்த முடிவு. மணி ஆறரை. ஒன்றும் பேசாமல் இருந்தால் வள்ளம் போய்விடும், வெள்ளியோ சனியோ துரையும் போய்விடும், வேப்பமரத்தடியில் தாட்டுவிட்டு இருவரும் இரண்டு நாள் சாப்பிடாமல் இருப்பார்கள், பிறகு அந்தக் கதை அப்படியே நிற்கும். அவர் நல்லவராகவே செத்தும் போவார். அது எவ்வளவு சுகமான வழி என்று யோசித்தபோது அவருக்கே தன்மேல் அருவருப்பு வந்தது.

"அன்னம், இவன் டொக்டரைக் கண்டதே இல்லை."

அவள் திரும்பினாள்.

"நான்தான் கொண்டுபோய் விட்டனான். சந்தைக்குப் பின்னால. இந்தச் சாக்கிலதான்... இதில்லை, இது மாதிரி ஒண்டில."

அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். சத்தம் போடவில்லை, அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

"அப்ப நாலு நாளும்?"

"மேரிஜோசப்பினின்ர பலகைக்குக் கீழ கிடந்தது."

"காது?"

"நாய்."

அன்னபூரணம் கதிரையில் போய் இருந்தாள். பூனையைப் பற்றி ஏதாவது சொல்வாள், தன்னைத் திட்டுவாள் என்று அவர் காத்துக்கொண்டு நின்றார். அவள் இரண்டு கையையும் மடியில் விரித்துப் பார்த்துக்கொண்டு, "அந்த மனிசன் வெய்யிலுக்குள்ள வந்து தண்ணி கேட்டது" என்றாள். "ஒரு மிடறு தண்ணி குடுக்கேல்லை நான். போன வருசம் செத்துப்போச்சு எண்டு பேப்பரில கிடந்தது. அதுக்கும் நான், நல்லா வேணுமெண்டு சொன்னனான். நீங்கள் கேட்டுக்கொண்டு இருந்தனீங்கள்."

"ஓம்," என்றார் அரியநாயகம்.

"சாக்கைக் கொண்டுபோய் வெளியில எறியுங்கோ. நீங்களும் வெளியில நில்லுங்கோ."

அவர் முற்றத்தில் நின்றார். உள்ளே அவள் கதிரையில் ஏறுகிற சத்தமும், மெல்லக் கதைக்கிற சத்தமும் கேட்டன. பத்து நிமிடம் இருக்கும். துரையைப் பழைய நூல்சேலை ஒன்றில் சுற்றி, தலை வெளியே தெரிய, தோளில் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். பூனை சோர்ந்து அவள் கழுத்தில் முகத்தை வைத்திருந்தது. அவரைப் பார்க்காமல் படலையைத் திறந்துகொண்டு நடந்தாள். அவர் குடையையும் மருந்துக் காசையும் எடுத்துக்கொண்டு பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போனார்.

இறங்குதுறையில் வள்ளக்காரன் சவிரிமுத்து இயந்திரத்தை முடுக்கிவிட்டிருந்தான். அன்னபூரணம் ஏறி முன்பக்கப் பலகையில் இருந்தாள். புகை, இரைச்சல், வள்ளத்தின் ஆட்டம், எதற்கும் துரை அசையவில்லை. கடலைப் பார்த்தது, கண்ணை மூடிக்கொண்டது. டொக்டர் மேசையிலும் இப்படியே கிடந்தால் பிழைத்துவிடும் என்று அரியநாயகத்துக்கு ஒரு சந்தோஷம் பொங்கியது. அப்பாடா என்று ஒரு காலைத் தூக்கி வள்ளத்துக்குள் வைத்தார்.

பூனை கண்ணைத் திறந்தது. வீட்டில் பன்னிரண்டு வருடம் அவருடைய கதிரைக்குக் கீழே படுத்த பூனை. அவர் எறிந்த மீன் தலையைத் தின்ற பூனை. வள்ளத்தில் அவரைக் கண்டதும் அதன் உடம்பு விறைத்தது. நகங்கள் சேலையைத் தாண்டி அன்னபூரணத்தின் தோளில் ஏறின. அலுமாரியின் மேல் கேட்ட அதே சத்தம் வந்தது. வள்ளத்தில் இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்னபூரணம் வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு, கையால் பூனையின் கண்ணைப் பொத்தினாள். வீட்டை விட்டு வெளிக்கிட்ட பிறகு முதல் தடவையாக அவரை நிமிர்ந்து பார்த்தாள். கோபம் இருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அன்றைக்குப் படலையில் நின்ற டொக்டரைப் பார்த்தது போலத்தான் பார்த்தாள்.

"விதானையார், ஏறுறியளோ இல்லையோ?" என்றான் சவிரிமுத்து.

"அவர் வரேல்லைத் தம்பி," என்றாள் அன்னபூரணம். "நீர் எடும்."

அரியநாயகம் காலை எடுத்தார். காசை நீட்டினார், முன்னால் இருந்த ஒருவர் வாங்கி அவளிடம் கொடுத்தார். கயிறு அவிழ்ந்து, வள்ளம் பின்னுக்கு வந்து, மூக்கைத் திருப்பியது. திரும்பி வருகிறபோது உச்சி வெய்யிலாகிவிடும் என்று அப்போதுதான் நினைவு வந்து, "குடை, குடை" என்று கத்தினார். இயந்திரச் சத்தத்தில் அது எடுபடவில்லை. நடுக்கடலில் சூரியன் நேர்முகமாக அடித்துக்கொண்டிருந்தது. அன்னபூரணம் சேலைத் தலைப்பை இழுத்துப் பூனையை மூடிவிட்டு, தன் தலையை வெறுமனே வெய்யிலுக்குக் கொடுத்துக்கொண்டு, அசையாமல் அக்கரையைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தாள்.