வதிவோர் பட்டியலும் மூன்று பெட்டிகளும்

பொலிஸ் நிலையத்து மேசைமேல் என் மகனுடைய பொருள்களைப் பரப்பி வைத்திருந்தார்கள். நான்கே தந்திகள் பூட்டிய, கழுத்து நீண்ட பேஸ் கிற்றார் ஒன்று. சுருட்டிய கறுப்புக் கம்பிகள். உள்ளங்கையில் அடங்கும் மூன்று இரும்புப் பெட்டிகள். ஒவ்வொன்றின் தலையிலும் காலால் மிதித்து இயக்கும் ஓர் ஆளி. இருவர் சேர்ந்தே தூக்கவேண்டிய அம்ப் என்னும் ஒலிபெருக்கி மட்டும் தரையில், மேசைக்காலை ஒட்டி நின்றது. இன்ஸ்பெக்டர், பெயரோ இலக்கமோ பொறிக்கப்படாத பெட்டியொன்றைப் பென்சிலால் தொட்டு, "மாஸ்டர், இது என்ன?" என்று தமிழிலேயே கேட்டார். அந்தப் பெட்டி ஓராண்டுக்கு மேலாக என் வீட்டில் கிடந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகள் பிறரைக் கேள்வி கேட்டே பிழைத்த எனக்கு அதற்கு விடை தெரியவில்லை.

1997ஆம் ஆண்டு, ஒரு சனிக்கிழமை. அன்று காலை பத்து மணியளவில், என் மகன் கீர்த்திகனோடு கிற்றார் வாசிக்கும் ஜீவன் எங்கள் வீட்டுப் படியில் மூச்சிரைக்க நின்றான். தெமோதரைத் தேயிலைத் தோட்டத்துப் பையன். இருவரும் பதுளையில் ஒரு திருமணத்துக்கு வாசிக்க பஸ்ஸில் வந்துகொண்டிருந்தார்களாம்.

"சார், கீர்த்திய செக்பொயிண்ட்ல எறக்கி ஸ்டேசனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. என்னைய மட்டும் போகச் சொல்லிட்டாங்க."

"உன்னை ஏன் விட்டவை?"

"என் ஐடென்டிட்டில பொறந்த எடம் தெமோதரைன்னு இருக்குங்க. அவன்துல யாழ்ப்பாணம்னு இருக்கு. அப்புறம், ரேடியோ திருத்துற நிஸாம் நானா செஞ்சு குடுத்த பொட்டியக் காட்டி, இது குண்டான்னு கேட்டாங்க. நாங்க சிரிச்சிட்டோம் சார். சிரிச்சிருக்கக் கூடாது."

தலைப்பிள்ளைப் பேறு தாய்வீட்டில் என்பது எங்கள் வழக்கம். என் மனைவி யோகம்மா ஏழாம் மாதம் ரயிலேறி யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்துக்குப் போனாள். நாற்பத்தொரு நாள் குழந்தையோடு பதுளைக்குத் திரும்பினாள். அந்த நாற்பத்தொரு நாளைத் தவிர அவனுடைய இருபத்தொரு வயதும் இந்த ஊரிலேயே கழிந்தது. ஆயினும் அடையாள அட்டை அந்த நாற்பத்தொரு நாளை மட்டுமே அறியும். இதைவிடப் பெரிய இடைஞ்சலைச் செய்து வைத்தவன் நான். மூன்று வாரங்களுக்கு முன் கிராம சேவகர் வந்து, வீட்டில் குடியிருப்போரின் பெயர்களை எழுதும் வதிவோர் பட்டியலை நிரப்பக் கொடுத்தார். அதன் பிரதி பொலிசுக்குப் போகும். அதில் நான் எழுதிய பெயர்கள் இரண்டு: குமாரசிங்கம், யோகம்மா.

நான் சட்டையை மாட்டுகையில் யோகம்மா கதவடியில் நின்றாள்.

"அப்பவே சொன்னனான், அவன்ர பேரையும் எழுதுங்கோ எண்டு."

"அண்டைக்கு அவன் இஞ்ச இருந்தவனே? பொய்யெழுதிக் கையெழுத்து வைக்கச் சொல்லுறீரோ?"

"அவன் எங்க போனவன்? நீங்கள் கலைச்சனீங்கள்."

பொத்தானை மாற்றிப் பூட்டியிருந்தேன். கழற்றி மறுபடி பூட்டினேன்.

அவனை வீட்டைவிட்டுக் கலைத்தது அந்த அம்ப்பினால்தான். பண்டாரவளையில் கலைந்துபோன ஒரு ஹோட்டல் இசைக்குழுவிடமிருந்து அதை வாங்கிவந்து முன்னறையில் வைத்தான். நான் பிள்ளைகளுக்கு டியூசன் சொல்லிக்கொண்டிருக்கும் நேரம் பார்த்து ஒரு தந்தியை அசைத்தான். ஒலி காதுக்கு வந்ததோ இல்லையோ, அலுமாரிக் கண்ணாடி அதிர்ந்தது. என் நெஞ்செலும்புக்குள் எவரோ கதவு தட்டுவதுபோல் இருந்தது. பிள்ளைகள் வாயைப் பொத்திச் சிரித்தனர். "இதில பாட்டு எங்கையடா?" என்று கேட்டேன். "பாட்டை மற்றவை வாசிப்பினம், அப்பா. நான் அடியில நிக்கிறன்" என்றான். படித்தவன் சொல்லும் விடையா இது? இந்தச் சாமான் இருக்கும் வீட்டில் நான் இருக்கமாட்டேன் என்றேன். அன்று மாலையே அதை ஜீவனும் அவனுமாகத் தூக்கிக்கொண்டு ஜீவனுடைய ஒற்றையறை லயக் குடியிருப்புக்குப் போய்விட்டார்கள். அந்தச் சிறிய அறைக்குள் அந்த அம்ப்பை எங்கே வைத்தார்கள் என்று நான் கேட்டறியவில்லை.

பொலிஸ் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். சுவரோர வாங்கில் அமர்ந்திருந்த கீர்த்திகன், "சேர், பூட்டிக் காட்டட்டோ?" என்றான். அனுமதி கிடைத்தது. கம்பிகளைச் செருகி, பெயரற்ற பெட்டியைத் தரையில் வைத்து, நின்றபடியே வாசித்தான். மேசைமேலிருந்த தேநீரில் வளையங்கள் எழுந்தன. சற்று நேரம் கேட்ட இன்ஸ்பெக்டரின் முகத்தில் ஐயம் குறையவில்லை, கூடியது. பாட்டு வராத வாத்தியமும் உண்டா என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார். நான் என் வீட்டில் கேட்ட அதே கேள்வி. வேறு விடை என் கைவசம் இல்லாமையால், "பாட்டை மற்றவர்கள் வாசிப்பார்கள், இவன் அடியில் நிற்பவன்" என்றேன். கீர்த்திகன் தலை நிமிர்ந்தான். அப்போது, தட்டச்சின் முன்னிருந்த கான்ஸ்டபிள் ஒருவர், தலையை உயர்த்தாமலே, அந்த அதிர்வின் மேல் ஒரு பைலா நடனப்பாட்டின் மெட்டை முனகத் தொடங்கினார். ஏதோ ஒன்று பொருந்தியது. என்ன பொருந்தியதென்பதை இன்றும் என்னால் விளக்க முடியாது. இன்ஸ்பெக்டர் முறைத்ததும் முனகல் நின்றது. அடியிலிருந்தது மட்டும் தொடர்ந்தது.

பிறகு அவன் பெட்டியை மிதித்தான். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. அரவை இயந்திரத்தில் சரளைக்கல் அகப்பட்டதுபோல் ஒலி சிதறியது. நல்ல ஒலியை ஏன் கெடுக்கிறாய் என்றார் இன்ஸ்பெக்டர். அதையும் நான் முன்னரே கேட்டிருக்கிறேன்.

"சில பாட்டுக்கு அப்பிடித்தான் வேணும், சேர்" என்று சொல்லிக் கம்பியைக் கழற்றினான். "இதைச் செருகின படியே விட்டால் உள்ளுக்க பற்றரி செத்துப்போம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். பெட்டி விவகாரம் ஒருவாறு தீர்ந்தது. அடுத்துப் பட்டியலை எடுத்து என் பக்கம் திருப்பினார். "மாஸ்டர் கையெழுத்துத்தானே? இவர் உங்கட வீட்டில இருக்கிறதா, இல்லையா?"

இருக்கிறான் என்றால் நான் ஒப்பமிட்ட தாள் பொய். இல்லை என்றால் அவனுக்கு இந்த நாட்டில் முகவரியே இல்லை. "இருக்கிறவன்" என்றேன். என் குரல் எனக்கே பிறர் குரலாய்க் கேட்டது. அவர் பேனாவை நீட்டினார். மூன்றாம் நிரையில் பெயரை எழுதினேன். உறவு: மகன். அடுத்தது, எந்தத் திகதியிலிருந்து வதிகிறார் என்னும் நிரல். சுன்னாகத்திலிருந்து வந்த நாளா? நான் கலைத்த நாளுக்கு முந்திய நாளா?

"தம்பி, என்ன திகதி போட?" என்று மகனைக் கேட்டேன்.

அவன் கம்பியைச் சுருட்டியபடி, எனக்கு மட்டும் கேட்கச் சொன்னான்: "நான் வாறன் எண்டு இன்னும் சொல்லேல்லையே, அப்பா."

இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். நான் அன்றைய திகதியை எழுதினேன். மெய்யா பொய்யா என்று எனக்கே தெரியாமல் நான் எழுதிய முதல் திகதி அது.

வெளியே ஜீவன் காத்திருந்தான். அவனும் கீர்த்திகனும் அம்ப்பை இரு பக்கமும் பிடித்துக்கொண்டார்கள். கிற்றார் மகனின் முதுகில் தொங்கியது. பெட்டிகள், கம்பிகள் ஆகிய சில்லறைச் சாமான்களைக் கான்ஸ்டபிள் அள்ளி, குடை கிடந்த என் துணிப்பையில் போட்டிருந்தார். சந்திவரை நடந்தோம்.

"கல்யாண வீட்டுக்கு இனிப் போயும் பிரயோசனமில்ல. வேற ஆளப் புடிச்சிருப்பாங்க" என்றான் ஜீவன், பொதுவாக.

வலப்பக்கம் பஸ் நிலையம். தெமோதரை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. இடப்பக்கம் எங்கள் வீட்டுக்கு ஏறும் தெரு. நான் இடப்பக்கம் திரும்பினேன். பத்தடி நடந்திருப்பேன். பின்னால் அம்ப்பைத் தரையில் இறக்கும் ஓசை கேட்டது. மறுபடி தூக்கும் ஓசை கேட்கவில்லை.

பைக்குள் பார்த்தேன். சுருளிலிருந்து நழுவிய கம்பியொன்றைக் கான்ஸ்டபிள் ஏதோ ஒரு துளையில் செருகி வைத்திருக்கவேண்டும். குடைக்கம்பு ஆளியை அமுக்க, பெயரற்ற பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கம்பியை இழுத்துவிட்டால் அணைந்துவிடும் என்பதை இப்போது நான் அறிவேன். விரல்களைக் கம்பிமேல் வைத்தபடி, அவர்களுடைய காலடி எந்தப் பக்கம் கேட்கும் என்று செவிகொடுத்து, திரும்பிப் பாராமல், தெருவின் நடுவே நின்றேன். பையின் இருளுக்குள் விளக்கு என் விரல்நுனிகளைச் சிவப்பாக்கியது.