நூலகத்துத் தக்காளியும் நான்கு பீன்ஸ் தொட்டிகளும்

ஊரில் எது காணாமல் போனாலும், எது கெட்டுப்போனாலும், முதலில் ஆள் அனுப்புவது அவளுக்குத்தான். ஊர் ஓரத்தில் மூன்று ஏக்கரில் இயற்கை விவசாயம் செய்கிறவள், ஐம்பதைத் தொட்டவள். அந்த மண்ணில் பதினொரு வருடமாக ரசாயனம் ஒரு சொட்டும் படவில்லை என்று சான்றிதழ் வாங்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, காய் அடுக்கும் கொட்டகைச் சுவரில் மாட்டியிருந்தாள். எல்லாருக்கும் அவள் தோட்டத்து அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட, திருத்தித் திருத்தி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

துப்பறிய அவள் எங்கேயும் போய்ப் படிக்கவில்லை, கண்ணுகளா. செடி வாடினால் அதன் வாயைக் கிளற முடியாது. தண்ணீரா, வேரா, பூச்சியா, வெயிலா என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வரவேண்டும். தள்ள முடியாமல் எது நிற்கிறதோ அதுதான் காரணம். அதே வேலையை ஊருக்கும் செய்தாள், அவ்வளவுதான். ரொட்டிக் கடையில் திங்கட்கிழமை ரொட்டி மட்டும் ஏன் சோப்பு வாடை அடிக்கிறது என்று கடைக்காரர் தலையைப் பிய்த்துக்கொண்டபோது, ஞாயிற்றுக்கிழமை அவர் மருமகன் எந்த வாளியில் சட்டையை ஊறவைக்கிறான் என்று கேட்டவள் அவள். தபால் நிலைய வாசலில் தினம் ஒரு ஒற்றைச் செருப்பு காணாமல் போனபோது, திருடனுக்கு இப்போதுதான் பல் முளைக்கிறது என்று சொல்லி, எதிர்வீட்டு நாய்க்குட்டியின் சாக்குக்கு அடியிலிருந்து ஒன்பதை எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

அக்கா சொன்னால் தப்பாது என்ற இந்தப் பெயர்தான் ஒரு மனிதரின் தலையில் கல்லாக விழுந்தது.

நூலகத்தின் பின்னால் நாலு பாத்தி அளவுக்கு ஒரு தோட்டம் உண்டு. புத்தகம் வாங்க வருகிறவர்கள் போகும்போது நாலு தக்காளி பறித்துக்கொண்டு போகலாம். அதைப் பார்த்துக்கொண்டவர் அறுபத்து மூன்று வயதுத் தோட்டக்காரர். கையில் மண்வெட்டி இருக்கும் வரை எதையாவது முணுமுணுத்துக்கொண்டே இருப்பார் என்பதால் அவருக்கு முணுமுணுப்பு என்றே பெயர். மனைவி இறந்தபிறகு, கருவி அறைக்குப் பக்கத்தில் நூலகம் கொடுத்த ஒற்றை அறைதான் அவர் வீடு. ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், ஜன்னலில் நாலு புதினாக் கோப்பை.

ஒரு காலையில் நூலகர் அம்மாள் போன் செய்தாள். தக்காளிச் செடிகளுக்கு என்னவோ ஆகிவிட்டது, உடனே வரவேண்டும் என்றாள். போய்ப் பார்த்தால், கொழுந்து இலைகளெல்லாம் குறுகி, முறுக்கிக்கொண்டு, குளிரில் மடக்கிய விரல்களைப் போல நின்றன. பீன்ஸ் இலைகள் கிண்ணமாகக் குவிந்திருந்தன. அக்கா ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தாள். பூச்சி இல்லை. தண்டைக் கீறினாள். அழுகல் இல்லை. பாத்தி விளிம்பில் புல் மட்டும் தளதளவென்று வளர்ந்திருந்தது. அவள் யோசிக்கவே இல்லை.

"இது களைக்கொல்லி," என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. நூலகர் அம்மாள் நேரே கருவி அறைக்குப் போய், மேல் தட்டிலிருந்து பாதி காலியான களைக்கொல்லி டப்பா ஒன்றை எடுத்து வந்தாள். போன வாரம்தான் முணுமுணுப்பு எல்லார் காதிலும் விழும்படி, முட்டி வலிக்கிறது, இந்தக் களையையெல்லாம் ஒரே நாளில் பொசுக்கிவிட வேண்டும் என்று சொல்லியிருந்தார். ரசாயனமே கூடாது என்பது அந்தத் தோட்டத்தின் முதல் விதி. ஜனங்கள் பறித்துத் தின்னும் காய் அல்லவா? மாதக் கடைசி வெள்ளிக்கிழமை நூலகக் குழு கூடும், அன்றே அவரை வேலையை விட்டு அனுப்பிவிடுவார்கள் என்று அங்கேயே பேச்சு முடிந்தது. வேலை போனால் அறையும் போகும்.

முணுமுணுப்பு அன்று முணுமுணுக்கவில்லை. அக்காவைப் பார்த்துத் தெளிவாகவே பேசினார்.

"நீ சொன்னா ஊரே சொன்ன மாதிரி, தங்கச்சி. ஆனா நான் அடிக்கல."

வீட்டுக்கு வந்தும் அது அவளை விடவில்லை. கோழிக்குத் தீனி போட்டாள், வெண்டைக்குத் தண்ணீர் திறந்தாள், பாதியில் வாய்க்காலை அடைத்துவிட்டு, மண்ணோடு மண்ணாகச் சைக்கிளை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கே திரும்பினாள். இந்த முறை செடியைப் பார்க்கவில்லை. செடிகளுக்கு நடுவில் என்ன இருக்கிறது என்று பார்த்தாள்.

இரண்டாம் பாத்தியின் நட்டநடுவில், கழுத்துவரை மண்ணில் புதைத்த ஒரு பழைய மண்தொட்டி. அதில் ஒரு மிளகாய்ச் செடி. தக்காளிக்குச் சொந்தக்காரச் செடிதான், தக்காளியைக் கொல்லும் மருந்து அதையும் விடாது. அதுவோ இலையெல்லாம் விரிய, பூவும் பிஞ்சுமாகச் சிரித்துக்கொண்டு நின்றது. இரண்டு பக்கமும் ஒரு சாண் தூரத்தில் தக்காளி முறுக்கிக்கொண்டு நிற்கிறது.

மருந்து மேலிருந்து தெளித்திருந்தால் மிளகாய்க்கு மட்டும் யார் குடை பிடித்தது? அப்படியென்றால் மருந்து மேலிருந்து வரவில்லை. கீழே இருந்து, மண் வழியாக வந்திருக்கிறது. தொட்டி மண் மட்டும் பழையது.

பாத்திக்குப் புதிதாக என்ன போட்டீர்கள் என்று அவள் முணுமுணுப்பைக் கேட்டாள். அவர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார். மூன்று மாதத்துக்கு முன்னால் நீ தானமாகக் கொடுத்த பத்து மூட்டை மக்கு உரம்தான், வேறு என்ன, என்றார்.

அவள் ஒரு பையில் பாத்தி மண்ணை அள்ளிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

அன்று மாலையே நான்கு தொட்டிகளை எடுத்தாள். முதலாவதில் நூலகத்துப் பாத்தி மண். இரண்டாவதில் நாற்றுக்கு வைத்திருந்த சாதாரண மண். மூன்றாவதில் தன் மாட்டுச் சாணத்தில் செய்த மக்கு. நான்காவதில், நூலகத்துக்கு மூட்டை கட்டிய அதே குவியலின் அடியில் மிச்சமிருந்தது. ஒவ்வொன்றிலும் ஐந்து பீன்ஸ் விதை ஊன்றினாள். களைக்கொல்லி மண்ணில் துளி இருந்தாலும் பீன்ஸ் காட்டிக்கொடுத்துவிடும். அதற்கு ரகசியம் காக்கத் தெரியாது. ஆனால் அவசரப்படுத்த முடியாது. முளைக்க ஐந்து நாள், மூன்று இலை விட மொத்தம் இரண்டு வாரம். கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அதற்குப் பிறகு அவளுடைய நாள் தொட்டிகளில் தொடங்கி தொட்டிகளில் முடிந்தது. விடிந்ததும் நான்குக்கும் ஒரே குவளையால் ஒரே அளவு தண்ணீர். மதியம் நான்கையும் கால்வட்டம் திருப்பி வைப்பாள், ஒரு பக்கமே வெயில் பட்டது என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாது. நடுவில் கத்தரிக்குக் களை எடுத்தாள், கீரைக் கட்டு கட்டினாள். சந்தைக்கு வேன் ஓட்டுவது அவள் கணவர் பங்கு. அவர் ஏறுமுன் தொட்டிகளை ஒரு பார்வை பார்த்து, மாமியார் வீட்டில்கூட நம்மை இப்படிக் கவனிக்கவில்லை என்பார். அவள் சிரிப்பாள், ஆனால் தொட்டியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள்.

ஐந்தாம் நாள் இருபது விதையும் முளைத்தன. பத்தாம் நாளும் எல்லாம் ஒன்றுபோலவே இருந்தன. பதினான்காம் நாள் காலையில், இரண்டிலும் மூன்றிலும் இலைகள் உள்ளங்கை போல விரிந்து நின்றன. ஒன்றிலும் நான்கிலும் கிண்ணமாகக் குவிந்து முறுக்கியிருந்தன.

அவள் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு உரப் பதிவேட்டை எடுத்தாள். எந்த எரு, எங்கிருந்து, அந்த மாடோ குதிரையோ என்ன தின்றது, என்ன மருந்து குடித்தது என்று கட்டம் கட்டமாக எழுதும் நோட்டு அது. சான்றிதழே அந்த நோட்டின் மேல்தான் நிற்கிறது. நான்காம் தொட்டிக் குவியலின் வரியைத் தேடினாள். குதிரைச் சாணம், ஊருக்கு மேற்கே சவாரி கற்றுக்கொடுப்பவரிடமிருந்து. தீவனம் என்ற கட்டத்தில், தன் கையெழுத்தில், ஒரே ஒரு வார்த்தை: மேற்படி. போன வருடம் எதுவோ அதுவே. ஒன்பது வருடமாக அந்தக் கட்டத்தில் மேற்படிதான்.

சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் குதிரைக்காரரைக் கேட்டாள். அவர் ஒரு குதிரையின் குளம்பைத் தொடையில் வைத்துச் சுரண்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"நம்ம மேட்டுப் புல்லு போன வருஷம் காஞ்சு போச்சே அக்கா. ஆத்துக்கு அந்தப் பக்கத்துலேருந்து ஒரு லாரி புல்லுக் கட்டு வாங்கினேன். என்ன சுத்தம்ங்கிறீங்க! தேடினாலும் ஒரு களை கெடையாது."

"இத ஏன் எங்கிட்ட சொல்லல?"

"எப்பவும் நீங்கதானே கேப்பீங்க. அந்தத் தடவ மழை வருதுன்னு சாணத்த அவசரமா ஏத்திக்கிட்டுப் போயிட்டீங்க."

களையே இல்லாத புல். அகன்ற இலைக் களைகளை மட்டும் கொல்லும் மருந்து ஒன்று உண்டு. புல்லை அது ஒன்றும் செய்யாது. அந்தப் புல்லைத் தின்ற குதிரைக்கும் ஒன்றும் ஆகாது. சாணத்தில் வந்து, மக்கிலும் மடியாமல் உட்கார்ந்திருக்கும். தன் தோட்டத்தில் அந்தக் குவியலை அவள் சோளத்துக்குத்தான் போட்டிருந்தாள். சோளமும் புல் இனம். ஆள் உயரம் வளர்ந்து, அவளுக்கு எதையும் காட்டாமல் நின்றது.

அன்று சாப்பிடும்போது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தட்டைத் தள்ளி வைத்தார்.

"எங்கேயோ அடிச்சது காத்துல வந்துச்சுன்னு சொல்லிடு," என்றார். "அவரும் தப்பிப்பாரு. நம்ம சான்றிதழும் தப்பிக்கும். யாருக்கு என்ன கொறஞ்சுபோச்சு?"

"காத்துக்கு மிளகாத் தொட்டி இருக்கிற இடம் தெரியுமா?"

"அது உனக்கும் எனக்கும்தானே தெரியும்?"

"நான் யோசிக்காம ஒரு வார்த்தை சொன்னேன். அந்த மனுஷன் பொட்டி கட்டி வெச்சிருக்காரு. இப்ப யோசிச்சு ஒரு பொய் சொல்லச் சொல்றீங்களா?"

அவர் எழுந்து கை கழுவப் போனார். மறுநாள் சோளத்துக்குப் போய் வரப்பிலேயே நின்றுவிட்டு வந்தார். பதினொரு வருடம் அவர் உழைப்பும்தானே. ஆனால் வெள்ளிக்கிழமை, தொட்டிகள் கவிழாமல் இருக்க வேனில் பழைய போர்வையை மடித்துப் போட்டது அவர்தான்.

குழுத் தலைவர் ஓய்வு பெற்ற பல் டாக்டர். வாசிப்பு அறையின் நீள மேசையில் அக்கா தொட்டிகளை வரிசையாக வைத்ததும், மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு ஒவ்வொரு இலையையும், ஆ காட்டு என்று சொல்லாத குறையாகப் பார்த்தார். முணுமுணுப்பு சுவரோரம் சலவைச் சட்டையில் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி.

அக்கா மிளகாய்த் தொட்டியிலிருந்து ஆரம்பித்தாள். பதினெட்டு நாள் வேலையைப் பத்து நிமிடத்தில் சொன்னாள். மேற்படி என்று எழுதிய பக்கத்தைத் திறந்து தலைவருக்கு முன்னால் வைத்தாள்.

"களைக்கொல்லின்னு நான் சொன்னது சரிதான்," என்றாள். "யார் கொண்டாந்ததுன்னு கேக்காம விட்டதுதான் தப்பு. கொண்டாந்தது நான். பறிச்ச காயெல்லாம் தூரப் போடணும். பாத்தி மண்ண நான் எடுத்துக்கிறேன்."

நாற்காலி ஒன்று கிறீச்சிட்டது. நூலகர் அம்மாள் மட்டும் மெதுவாக, அப்படியானால் அந்த டப்பா எங்கிருந்து வந்தது என்றாள். அது தனக்கு முன்னால் இருந்த தோட்டக்காரர் விட்டுப்போனது, எலி ஏறாத தட்டு என்று மேலேயே கிடந்தது என்றார் முணுமுணுப்பு. சாட்சியாக மேசையில் வைத்திருந்த அந்த டப்பாவின் மூடியைத் திருகிப் பார்த்தார் பல் டாக்டர். துரு பிடித்து இறுகி, அசைய மறுத்தது.

"இத அன்னிக்கே சொல்லியிருக்கலாமே?" என்றாள் நூலகர் அம்மாள்.

"நீங்க எங்க கேட்டீங்க? சொன்னீங்க."

நூலகர் அம்மாள் எழுந்து போய், அவர் காலடியிலிருந்த தகரப் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு அறைப் பக்கம் நடந்தாள். கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் கீழே வைத்து வைத்து எடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லாமல் பின்னாலேயே போனார்.

சான்றிதழ் அலுவலகத்துக்கு அக்காவே கடிதம் எழுதினாள். அவர்கள் சான்றிதழை நிறுத்திவைத்தார்கள். சோளம் மொத்தமும் இயற்கை என்ற பெயர் இல்லாமல், சாதாரணச் சோளமாகத்தான் போயிற்று. கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிய இடத்தில் சுவர் மட்டும் வெள்ளையாக ஒரு சதுரம். கணவர் அந்த ஆணியிலேயே உரப் பதிவேட்டை நூல் கட்டித் தொங்கவிட்டார்.

நூலகத்திலிருந்து அள்ளி வந்த பாத்தி மண்ணைத் தன் தோட்டத்து மூலையில் குவித்தாள். மருந்து மண்ணில் தானாக மடிய நாளாகும். கிளறிக் கிளறிக் காற்றுப் படவிட வேண்டும். அதனால் ஞாயிறுதோறும் அவள் மண்வெட்டியை எடுத்தாள். ஏழாம் ஞாயிறு அவள் வாசலில் முணுமுணுப்பு நின்றார், தோளில் தன் மண்வெட்டியோடு. கூப்பிட்டாயா என்று கணவர் கண்ணால் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம் என்று அவள் ஆரம்பிக்கும்போதே அவர் குவியலில் இறங்கிவிட்டார்.

"ஊர்ல இருக்கிற செருப்பையெல்லாம் கண்டுபிடிக்கத் தெரியுது. குதிரை என்ன தின்னுச்சுன்னு கேக்கத் தெரியல," என்று மண்ணிடம் முணுமுணுத்தார்.

அவள் அதைக் காதில் வாங்கிக்கொண்டே, குவியல் மண் நிரப்பிய தொட்டியில் ஐந்து பீன்ஸ் விதைகளை ஊன்றினாள். பிறகு கையைத் துடைத்துவிட்டு, ஆணியிலிருந்து நோட்டை எடுத்தாள். போன மாதச் சோதனை வரியில், இலை இன்னும் சுருள்கிறது என்று இருந்தது. அதற்குக் கீழே தேதி போட்டு, எந்தக் குவியல், எத்தனை முறை கிளறியது, எத்தனை விதை என்று கட்டம் விடாமல் முழுசாக எழுதினாள்.