தீவைத் தாண்டுவதற்கு முன்

விமானங்களுக்குப் பாதை போட்டுக் கொடுப்பது அவள் வேலை. அன்றைய விமானம் ஒன்றில் அவள் மாமியாரும் இருந்தார். தலைப்பிரசவத்துக்குக் காத்திருக்கும் மகளைப் பார்க்கக் கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்.

புறப்பட்ட ஊருக்கும் மகள் இருக்கும் நகரத்துக்கும் இடையே ஒன்பதாயிரம் கிலோமீட்டர். ஆனால் வழியில் இடிமேகம் சுவர் எழுப்பினாற்போல் நிற்க, விமானம் ஊரைச் சுற்றிக்கொண்டு போவதுபோல் போக வேண்டியதாயிற்று. போதாக்குறைக்கு எதிர்க்காற்று வேறு. கணக்கை மறுபடி போட்டாள். போய்ச் சேரும்போது மிஞ்சும் எரிபொருள் மிகக் குறைவாக இருந்தது.

நடுக்கடலில் ஒரு தீவு, அதில் ஓர் ஓடுதளம். அதை விட்டால் மறுகரை வரை இறங்க இடமில்லை. திரையில் விமானப் புள்ளி தீவை நெருங்கிக்கொண்டிருந்தது.

மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். "நடுவுல இறக்கினா அத்தனை பேரும் நம்மளப் பிடிபிடின்னு பிடிச்சுடுவாங்கம்மா. போகப் போகக் காத்து அடங்கிடும்."

"அடங்கலைன்னா சார்?"

பதிலுக்குக் காத்திராமல் அவள் கேப்டனை அழைத்தாள்.

"கேப்டன், தீவுல இறங்கி எரிபொருள் போட்டுக்கிட்டுப் போங்க."

"இழுத்துப் பிடிச்சா போயிடலாமே?"

"போயிடலாம். ஆனா அங்க மூடுபனி வரும்னு சொல்றாங்க. இறங்க விடாம வட்டமடிக்கச் சொன்னா என்ன பண்ணுவீங்க?"

புள்ளி தீவுக்கு வெகு அருகில் வந்துவிட்டது. 'எங்க அத்தையும் அதுலதான் இருக்காங்க' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினாள். யார் இருந்தாலும் கணக்கு அதுதானே.

"சரிம்மா. இறங்குறேன்."

புள்ளி திரும்பியது.

தீவில் இறங்கியதுமே மாமியாரின் அழைப்பு வந்தது. "இங்க எந்தப் புண்ணியவான்டி இறக்கச் சொன்னது? அங்க அவளுக்கு வலி எடுத்துடுச்சாம்!"

"நான்தான் அத்தை. எரிபொருள் பத்தாது."

"நீயா?"

இணைப்பு பட்டென்று துண்டிக்கப்பட்டது. அதற்குப் பிறகு அவள் எத்தனை முறை அழைத்தும் அவர் எடுக்கவில்லை.

மூடுபனி வரத்தான் செய்தது. விமானம் அந்த நகரத்துக்கு மேலே வெகுநேரம் சுற்றிவிட்டுத்தான் தரையைத் தொட்டது. மாமியார் மருத்துவமனைக்குள் நுழைந்தபோது குழந்தை பிறந்து, குளித்து, தூங்கியே போயிருந்தது.

மறுநாள் காலை அவரே அழைத்தார். "பேத்தி. உன் நாத்தனார் மூக்கு. நான் வர்றதுக்குள்ள அவளுக்கு அப்படி என்ன அவசரமோ. எனக்கு உன்மேல கோபம் இன்னும் ஆறல, சொல்லிட்டேன்."

"சரி அத்தை."

"மேல சுத்திக்கிட்டே இருந்தோம். பக்கத்து சீட்டுக்காரர் வாய்விட்டு அழுதுட்டாரு." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் திரும்பி வர்ற விமானத்துக்கும் நீயே வழி போடு. வேற யாரும் வேண்டாம்."