இறக்கைக்குக் காட்டிய சூடம்

பேரையூர் வீட்டுக் கொட்டகையில் என் கணவர் மூன்று வருடமாக ஒரு குட்டி விமானம் கட்டினார். குழாய்ச் சட்டத்தின் மேல் துணி போர்த்தி, அது விறைக்க வார்னிஷ் பூசினார். சட்டென்று தீப்பிடிக்கிற வார்னிஷ். அந்தப் பக்கம் என்னை அடுப்பு மூட்டக்கூட விட்டதில்லை.

ஆயுத பூஜையன்று சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு, அவரே சூடத்தட்டோடு வந்தார்.

“தீயைப் பக்கத்துல கொண்டுபோகாதீங்கன்னா கேளுங்க!” என்று கத்தினேன்.

“சைக்கிளுக்கே சூடம் காட்டுறாய்ங்க. என் விமானத்துக்குக் காட்டாம இருப்பேனா? வார்னிஷ்தான் காஞ்சிருச்சே” என்றார்.

இறக்கையருகே தட்டைச் சுற்றினார். சுடர் துணியைத் தொட்டது. நான் குடத்தோடு ஓடி வருவதற்குள் வெறும் சட்டம்தான் நின்றது.

சக்கரம் ஏறி நசுக்க வேண்டிய எலுமிச்சம்பழம் மட்டும் மஞ்சள் மாறாமல் கிடந்தது.