கப்பல்காரருக்கு அழைப்பில்லை

மன்னாரிலிருந்து தலைமன்னார் போகிற பஸ்ஸில் ஏறி 'பாய்மரத்தடி' என்று சொன்னால், கொண்டக்டர் மறுபேச்சில்லாமல் ரிக்கெற் தருவான். எங்கள் ஊருக்கு அரசாங்கம் வைத்த பெயர் வேறு. அது கிராம அலுவலர் கந்தோரின் பலகையில் இருக்கிறது, அங்கேயே இருக்கட்டும். அந்தோனியார் கோயில் முற்றத்தில் கொடிமரமாக நின்றது ஒரு கப்பலின் பாய்மரம். அந்த மரத்தால்தான் ஊருக்கு இந்தப் பெயர்.

மன்னாரின் சரித்திரம் எழுதுகிறவர்கள் கோட்டையில் தொடங்கிக் கோட்டையிலேயே முடித்துவிடுவார்கள். பறங்கி கட்டினான், ஒல்லாந்தன் பிடித்தான், இங்கிலிசுக்காரன் வந்து குந்தினான் என்று எழுதி, நாலு படமும் போட்டால் புத்தகம் சரி. எங்கள் பக்கம் ஒருவரும் எட்டிப் பார்த்ததில்லை. ஆகையால் நாங்களே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்தில் உதுமான் மரைக்கார் என்பவருக்கு 'ஸலாமத்' என்று ஒரு பாய்க்கப்பல் இருந்தது. கருவாடும் கூரைக்குப் போடுகிற பனஞ்சிலாகையும் ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்குப் போகும். வரும்போது கூரை ஓடும் துணியும் கொண்டு வரும். முதலாளி முஸ்லிம், கப்பலில் வேலை செய்தவர்கள் எல்லாரும் எங்கள் ஊர்க் கத்தோலிக்கர். ஒருமுறை சோளகக் காற்றில் அகப்பட்டு, பாய் கிழிந்து, இனிமேல் இல்லை என்றிருந்த கப்பல் ஒரு ஆளும் குறையாமல் கரை சேர்ந்தது. அந்தோனியாரின் புதுமை என்றார்கள் எங்கள் ஆட்கள். அல்லாஹ்வின் காவல் என்றார் மரைக்கார். அதில் சண்டை ஒன்றும் வரவில்லை.

பிறகு தலைமன்னாருக்கு ரயில் வந்தது. அங்கிருந்து இந்தியாவுக்கு நீராவிக் கப்பல் ஓடத் தொடங்கியது. ஸலாமத்துக்கு வேலை இல்லாமல் போய், மணலில் இழுத்துவிட்டார்கள். அதை உடைத்தபோது பலகைகள் மரைக்கார் வீட்டுக் கதவுகளாயின. பெரிய பாய்மரத்தை மரைக்கார் அந்தோனியாருக்குக் கொடுத்தார். ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார். திருநாள் கொடியைக் கயிற்றில் கட்டுகிறவர் எப்போதும் அவர் குடும்பத்து ஆளாக இருக்க வேண்டும். கோயில் காரியம் பார்க்கிற ஊர்ப் பெரியவரை நாங்கள் மூப்பர் என்போம். கப்பல்காரர் கொடியைக் கட்டிக் கயிற்றை மூப்பர் கையில் கொடுப்பார், மூப்பர் இழுப்பார், கொடி ஏறும்.

இதற்கு அழைப்புக் கிடையாது. கொடியேற்றத்துக்குப் பேசாலைக்குச் சொல்லுவோம், வங்காலைக்குச் சொல்லுவோம், தெரிந்தவர் தெரியாதவர் எல்லாருக்கும் சொல்லுவோம். கப்பல்காரருக்கு மட்டும் சொல்ல மாட்டோம். மரம் அவர்களுடையது. வீட்டுக்காரனைப் போய் வீட்டுக்கு வா என்று அழைத்தால், அவன் வெளியாள் என்றல்லவா ஆகிவிடும். முன்னொரு காலத்தில் புதிதாக வந்த பங்குச் சாமியார் ஒருவர், பாவம், மரியாதை செய்வதாக நினைத்து அழைப்பு அனுப்பிவிட்டாராம். மரைக்காரின் மகன் வந்தார், ஆனால் கொடியைத் தொடவில்லை. விருந்தாளி மாதிரி ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போனார். சாமியார் வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் அடுத்த வருசம் எல்லாம் சரியானது.

கப்பல் போய்த் தலைமுறைகள் ஆகியும் அந்தக் குடும்பத்துக்குக் கப்பல்காரர் என்றே பெயர். கடைசிக் கப்பல்காரர் பக்கீரிடம் இருந்தது ஒரு றலி சைக்கிளும் ஒரு சின்னப் பலசரக்குக் கடையும்தான். அவரும் எங்கள் மூப்பர் யோசேப்பும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தகப்பன் திடீரென்று தவறியதால் யோசேப் இளம் வயதிலேயே மூப்பரானார். அவர் முதன்முதல் கயிறு இழுத்த அன்று பதற்றத்தில் வெட்டி இழுத்து, கொடி பாதி மரத்தில் சிக்கிக்கொண்டது. ஊரே மேலே பார்த்துக்கொண்டு நிற்க, பக்கீர் வாயைத் திறக்காத மாதிரி மெல்லச் சொன்னார்: "ஆறுதலா இழு. அது மாட்டுக் கயிறு இல்லை." யோசேப்புக்குச் சாமியார் முன்னாலேயே சிரிப்பு வந்துவிட்டது. கொடியும் ஏறியது.

தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் முஸ்லிம்களை எல்லாம் இயக்கம் போகச் சொன்னது. சொன்னவர்கள் துவக்கு ஏந்தி வந்து சொன்னார்கள். பக்கீர் குடும்பமும் கையில் ஒரு பையோடு வள்ளம் ஏறிப் புத்தளம் பக்கம் போனது. ஊர் கரையில் நின்று பார்த்தது. யோசேப்பும் நின்றார். வாய் திறந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் திறக்கவில்லைதான். அதை நாங்கள் இன்றுவரை விழுங்கிக்கொண்டுதான் இருக்கிறோம்.

அதன் பிறகு ஒவ்வொரு ஆனி மாதமும் யோசேப்பே கொடியைக் கட்டி, யோசேப்பே இழுத்தார். சண்டை முடிந்து, பக்கீர் திரும்பி வந்துவிட்டார் என்று கதை வந்தது. சிலாவத்துறைப் பக்கம் ஒரு வீட்டுத் திட்டத்தில் இருக்கிறாராம். இங்கே அவருடைய காணியில் வீடும் இல்லை, வேலியும் இல்லை. அந்த வருசக் கொடியேற்றத்தில் யோசேப் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வீதியைப் பார்த்தபடியே நின்றார். சாமியார் மணிக்கூட்டைப் பார்த்தார், பாட்டுக்காரர்கள் அதே பாட்டைத் திரும்பவும் பாடினார்கள். பஸ் வந்தது. இறங்கினது மீன்காரி திரேசம்மா. யோசேப் கொடியைக் கட்டினார்.

அடுத்தடுத்த வருசங்களும் அப்படித்தான். 'மூப்பர் றோட்டைப் பாத்து முடிஞ்சுதோ?' என்று கேட்பது கொடியேற்றத்தில் எங்களுக்கு ஒரு பகிடியாகவே ஆகிவிட்டது. இப்போது நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

போன மாசிக் காற்றோடு பாய்மரம் சாய்ந்தது. விழவில்லை, ஆனால் அடியில் உக்கிப்போய்ப் பள்ளிக்கூடப் பக்கமாகச் சரிந்து நின்றது. திருநாள் சபைத் தலைவர் டிலோஜன் படித்த பிள்ளை, வீதி வேலைப் பகுதியில் பொறியியலாளர். பிள்ளைகளின் தலையில் விழுந்தால் யார் பதில் சொல்வது என்று கேட்டான். நியாயமான கேள்விதான். கனடாவில் இருக்கிற எங்கள் ஆட்கள் இரும்புக் கொடிமரம் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள்.

"கப்பல்காரர் பாக்காமல் மரத்தில கை வைக்கேலாது" என்றார் யோசேப்.

"அப்ப ஒரு போன் எடுத்துச் சொல்லுவம், மூப்பர். அவையள் வந்து பாக்கட்டும்" என்றான் டிலோஜன்.

"அவைக்குச் சொல்லுறதில்லை."

"சொல்லாமல் அவைக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும். வரவேண்டிய நேரம் வருவான். கூப்பிட்டனெண்டா அண்டையோட அவன் விருந்தாளியாப் போயிடுவான்."

டிலோஜன் எங்களைப் பார்த்தான். நாங்கள் நிலத்தைப் பார்த்தோம். மூப்பர் சொல்வது முறைப்படி சரி, டிலோஜன் கேட்பதும் சரி. இரண்டும் சரியாக இருக்கிற இடத்தில் வாய் திறக்க எங்களில் ஒருவருக்கும் துணிவில்லை. எங்கள் ஊருக்கு அது ஒரு பழக்கம்.

யோசேப் கோபித்துக்கொண்டு வீட்டில் இருந்தார். அந்த நேரம் பார்த்து வீதி வேலைக்கு வந்த கிறேன் ஒன்று பக்கத்தில் நின்றது. இனி எப்போது கிடைக்குமோ என்று டிலோஜன் அதைக் கொண்டு வந்துவிட்டான். மரம் முழுசாக இறங்கும் என்றுதான் நினைத்தார்கள். இறக்கும்போது வளைந்து முறியப் பார்த்தது. வாளால் அறுத்து, மூன்று துண்டாக்கிக் கோயில் கொட்டிலுக்குப் பின்னால் போட்டார்கள். சத்தம் கேட்டு யோசேப் ஓடிவந்தபோது முற்றத்தில் வானம்தான் இருந்தது. அவர் யாரையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் எங்களுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

அடுத்த நாள் காலை அவர் சிலாவத்துறைக்கு பஸ் ஏறினார். கப்பல்காரருக்கு அழைப்புத்தான் சொல்லக்கூடாது. சாவைச் சொல்லலாம்.

பக்கீர் வீட்டில் நடந்ததை யோசேப் பிறகு ஒரே ஒருமுறை எங்களுக்குச் சொன்னார். அதைச் சொன்னபடியே எழுதுகிறேன்.

கதவைத் திறந்தது பக்கீரின் மகள் ஹமீதா. போகும்போது இடுப்பில் இருந்த பிள்ளை, இப்போது தலையில் நரை. பெயரைச் சொன்னதும் அவளுக்கு முகம் மலர்ந்தது. "வாப்பா, ஆர் வந்திருக்கினம் எண்டு பாருங்கோ. பாய்மரத்தடி மூப்பர்" என்று உள்ளே பார்த்துச் சொன்னாள்.

பக்கீர் ஒரு கதிரையில் இருந்தார். சீனி வியாதியில் கால் இரண்டும் வீங்கியிருந்தன. எழும்பப் பார்த்தார், முடியவில்லை. யோசேப் உள்ளே போய் இருக்காமல் வாசலிலேயே நின்று சொன்னார்.

"மரத்தை இறக்கிப் போட்டாங்கள், பக்கீர்."

"எப்ப?" என்றார் பக்கீர்.

"நேற்று. உன்ர கண்ணில காட்டிப்போட்டு இறக்கச் சொன்னனான். கேக்கேல்லை. நீ வருவாய் வருவாய் எண்டு நான் எத்தினை வருசம் றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டனான். ஏன் வரேல்லை?"

பதில் ஹமீதாவிடமிருந்து வந்தது. அவள் தேத்தண்ணியோடு நின்றாள். "மாமா, கொடி ஏறுற நாள் வாப்பாக்குத் தெரியும். அண்டைக்கு விடியவே குளிச்சு, வெள்ளைச் சாரம் உடுத்து, இந்தக் கதிரையைக் கொண்டுபோய் கேற்றடியில போடச் சொல்லுவார். பஸ் நிண்டா எழும்பிப் பாப்பார். ஆரும் கூப்பிட வருவினம் எண்டு. பின்னேரமானாத்தான் கதிரையை உள்ளுக்கு எடுக்க விடுவார். ஒவ்வொரு வருசமும் இதுதான்."

யோசேப் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார். "கப்பல்காரருக்கு அழைப்பில்லை எண்டு உனக்குத் தெரியாதே?" என்றார்.

"தெரியும்" என்றார் பக்கீர். "திரும்பி வந்த புதுசில, கொடியேற்றத்துக்குக் கொஞ்ச நாள் முன்னம், நானும் அப்பிடி நினைச்சுத்தான் பஸ் ஏறி வந்தனான். பாய்மரத்தடியில இறங்கினன். கோயில் மதிலடியில நிண்ட பெடியன் ஒருத்தன், ஐயா ஆரைத் தேடுறீங்கள் எண்டு கேட்டான். மரியாதையாத்தான் கேட்டான். அடுத்த பஸ்ஸில திரும்பி வந்திட்டன்."

"என்ர வீட்டுக்கு வந்திருக்கலாமே."

"யோசேப், அழைப்பில்லை எண்டது அந்தக் காலத்துக் கதை. அப்ப எங்களை ஒருத்தரும் போ எண்டு சொல்லேல்லை. போ எண்டு சொல்லிப்போட்ட ஊருக்கு, ஆராவது ஒருத்தர் வா எண்டு சொல்லாமல் எப்பிடி வாறது?"

"போ எண்டு நான் சொல்லேல்லையே."

"நீ சொல்லேல்லை. வா எண்டும் நீ சொல்லேல்லை."

பக்கீர் இதைக் கோபமாகச் சொல்லவில்லையாம். அதுதான் தாங்க முடியாமல் இருந்தது என்றார் யோசேப். சிலாவத்துறை என்ன, கடல் கடந்த ஊரா? ஒரு பஸ் ஏறி இறங்கினால் சொல்லிவிடக்கூடிய ஒரு சொல். நண்பனின் உரிமையைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு அந்தச் சொல்லை நெஞ்சுக்குள் பூட்டி வைத்தார். நண்பன் அந்தச் சொல்லுக்காகக் கேற்றடியில் கதிரை போட்டுக்கொண்டு இருந்தார்.

தேத்தண்ணி ஆறிப்போனது. யோசேப் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "இப்ப சொல்லுறன். வாற கிழமை கொடியேற்றம். வா, பக்கீர்."

"மரம் எங்க கிடக்கு?"

"கொட்டிலுக்குப் பின்னால. மூண்டு துண்டா."

பக்கீர் தலையை ஆட்டினார். "புதுசு ஆற்ற காசில?"

"கனடாப் பெடியள்."

"அப்ப சரி" என்றார் பக்கீர். "மரம் இல்லாட்டி நானும் விருந்தாளிதான். விருந்தாளிக்கு அழைப்புச் சொல்லலாம், அதில பிழையில்லை. வாறன்."

சொன்னபடி வந்தார். டிலோஜனே வாகனம் கொண்டுபோய் ஏற்றி வந்தான். அவனுக்கு மனம் சுட்டிருக்க வேண்டும், விழுந்து விழுந்து கவனித்தான். வெள்ளைச் சாரமும் தொப்பியுமாக இறங்கிய பக்கீரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து, முன்வரிசையில் பிரதேச செயலாளருக்குப் பக்கத்தில் இருத்தினான். பொன்னாடை போர்த்தினான். 'எமது அழைப்பை ஏற்று வருகை தந்திருக்கும் சிறப்பு விருந்தினர்' என்று ஒலிபெருக்கியில் சொன்னான். நாங்கள் பலமாகக் கைதட்டினோம். யோசேப் மட்டும் தட்டவில்லை.

இரும்புக் கொடிமரத்தில் கொடியைக் கட்ட வேண்டியதில்லை. கொளுக்கியில் மாட்டினால் போதும், பிறகு கீழே இருக்கிற கைபிடியைச் சுற்றினால் தானாக ஏறும். மாட்டி முடித்து டிலோஜன் விலகினான். யோசேப் கைபிடியைப் பிடித்தார். பழக்கதோசத்தில் தலை வீதிப் பக்கம் திரும்பியது. கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். இந்தமுறை எங்களில் ஒருவரும் பகிடி விடவில்லை. வரவேண்டியவர் பின்னால் பொன்னாடையோடு இருக்கிறார் என்பது அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். திரும்பிப் பார்க்காமல் சுற்றத் தொடங்கினார்.

கொடி எங்கேயும் சிக்காமல் ஏறியது. பக்கீர் மற்ற விருந்தாளிகளோடு சேர்ந்து கைதட்டினார்.