காளைக்கு எழுதிய தீர்ப்பு

நாத்தனார் வளர்க்கும் பொலிகாளையின் உறைவிந்து பரிசோதனைக்கு வந்திருப்பதை, தான் வேலை பார்க்கும் கால்நடை ஆய்வகத்தின் பதிவேட்டில் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பதினோரு வருஷமாக நாலு பேர் கூடிய இடத்திலெல்லாம் அவளை "மலடி" என்று குத்திக்காட்டிய வாய் அது.

உறைவிந்து அடைத்திருந்த குச்சியை வெதுவெதுப்பான நீரில் இளக்கி, உள்ளிருந்ததை ஊட்டக் கரைசலில் விட்டாள். காளையிடமிருந்து பசுவுக்குத் தொற்றி, கருவைக் கலைத்துவிடும் ஒட்டுண்ணி இருந்தால் அதில் பெருகும். தினமும் ஒரு சொட்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தாள். ஐந்தாம் நாள் ஒன்று துடித்துத் துடித்து ஓடியது. வசமாக மாட்டினாய் என்று நினைத்துக்கொண்டாள்.

சாணத்தில் வாழும் ஒன்றுமறியா உயிரி ஒன்று அச்சு அசலாக இப்படித்தான் ஓடும். அதனால் மரபணுச் சோதனை முடிவு வந்த பிறகே அறிக்கை எழுத வேண்டும் என்பது விதி. அவள் அன்றைக்கே எழுதினாள்: தொற்று உறுதி.

ஆய்வகத்திலிருந்து யாரோ சொல்லித் தகவல் காதுக்கு எட்டியதும் நாத்தனார் ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"வேணும்னே பண்றியா?"

"நான் ஒண்ணும் பண்ணல அண்ணி. உங்க காளைதான் ஊரெல்லாம் பண்ணி வச்சிருக்கு."

பக்கத்து மேசைக்காரர் இருமுவதுபோலச் சிரித்தார்.

"மரபணுச் சோதனைன்னு இருக்காமே. மூணு நாள் பொறு. என் பொழப்பே அந்த ஒத்தக் காளைதான்."

"கரு கலைஞ்ச பசுகிட்டப் போய் பொறுன்னு சொல்லுங்க. அறிக்கை போயாச்சு."

போகவில்லை. இழுப்பறையில்தான் இருந்தது. நாத்தனார் வாசலைத் தாண்டிய பிறகு அனுப்பினாள்.

அக்காவுக்காகக் கணவன் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் அதையும் பொருட்படுத்தாமல் வயிறாரச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

அறிக்கை போன நான்காம் நாள் மரபணுச் சோதனை முடிவு வந்தது. சாணத்து உயிரிதான். விந்து எடுக்குமுன் காளையைச் சரியாகக் கழுவவில்லை, அவ்வளவே. உடனே நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, காளை..."

"அறிக்கை வந்த மறுநாளே கால்நடைத் துறை ஆளுங்க வந்து ஏத்திட்டுப் போய் அறுத்துட்டாங்க."

"அதுக்கு அந்த நோய் இல்ல அண்ணி. மன்னிச்சிடுங்க."

வாய்க்கு வந்தபடி திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"வேற ஏதாவதா இருக்கலாம்னு அன்னைக்கே உனக்குத் தெரியுமா, தெரியாதா? அதை மட்டும் சொல்லு."

பதினோரு வருஷத்தில் நாத்தனார் அவளிடம் குத்தல் இல்லாமல் கேட்ட முதல் கேள்வி. அதற்கு உண்மையான பதில், தெரியும் என்பதுதான்.